செஃப்ட்ரியாக்சோனா, செஃபோடாக்சிமா? கிருமிக்கு இரண்டும் ஒன்று, உடலுக்கு அப்படியில்லை

செஃப்ட்ரியாக்சோன் ஏற்றி மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. செஃபோடாக்சிமுக்கு மாற்றிப் பார்க்கலாமா? வார்டுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. மாற்றிப் பயனில்லை. இரண்டும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகள். பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் புரதங்களை முடக்குவதில் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. மூலக்கூறின் ஒரு பக்கத்தில் தொங்கும் சங்கிலிகூட இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றே. ஒன்றுக்கு மசியாத கிருமி மற்றதற்கும் மசியாது. ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்கத் தர வரம்பைப் பாருங்கள்: ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல்வகைக் கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் மருந்தளவு லிட்டருக்கு 1 மி.கி. அல்லது அதற்குக் கீழே என்றால் மருந்துக்குக் கட்டுப்படும், 4 அல்லது அதற்கு மேலே என்றால் எதிர்ப்பு. இரண்டு மருந்துக்கும் இதே எண்கள்தான்.

அப்படியானால் இரண்டு மருந்து எதற்கு? வித்தியாசம் முழுவதும் ஊசி உள்ளே போன பிறகு தொடங்குகிறது. எவ்வளவு நேரம் இரத்தத்தில் தங்குகிறது, எதோடு ஒட்டிக்கொள்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்ற மூன்றிலும் இவை வெவ்வேறு பாதையில் போகின்றன. பச்சிளங்குழந்தைக்கு எது, சிறுநீரகம் பழுதானவருக்கு எது, கால்சியம் ஏறிக்கொண்டிருப்பவருக்கு எது என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் வந்தது செஃபோடாக்சிம். அமெரிக்காவில் 1981-இல் அனுமதி பெற்றது. செஃப்ட்ரியாக்சோனுக்கு அங்கே 1984-இல் அனுமதி கிடைத்தது. பின்னால் வந்தது முன்னால் வந்ததைப் பெரும்பாலான இடங்களில் ஓரங்கட்டிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரே ஊசி போதும் என்பதுதான் காரணம், கொல்லும் திறன் கூடுதல் என்பதல்ல.

எந்தக் கிருமிகள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், எதிர்ப்பு ஏறாத ஈ. கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், டைஃபாய்டு கிருமி ஆகியவற்றை இரண்டும் நன்றாகக் கொல்லும். சூடோமோனாஸ், என்டரோகாக்கஸ், லிஸ்டீரியா, எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலினுக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ்) ஆகியவற்றிடம் இரண்டும் தோற்கும். செல்சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவுக்கும், செல்லுக்குள் ஒளிந்து வாழும் லெஜியோனெல்லாவுக்கும் இவற்றால் ஒன்றும் ஆகாது. நிமோனியாவில் கூடவே அசித்ரோமைசின் போன்ற ஒன்றைச் சேர்ப்பது இதனால்தான். வயிற்றுக்குள் சீழ் பிடித்த நோய்களில் மெட்ரோனிடசோல் சேர்ப்பது, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீராய்டஸ் கிருமியை இவை சரிவரப் பிடிக்காததால்.

இனி நேரக் கணக்கு. செஃபோடாக்சிமின் அரை ஆயுள் சுமார் ஒரு மணி நேரம். அதாவது ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகும். செஃப்ட்ரியாக்சோனுக்கு அது 6 முதல் 9 மணி நேரம். 1 கிராம் செஃப்ட்ரியாக்சோனை அரை மணி நேரம் சொட்டாக ஏற்றி முடிக்கும்போது இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 150 மி.கி. இருக்கும், 24 மணி நேரம் கழித்தும் 9 மி.கி. அளவில் மிச்சமிருக்கும். 1 கிராம் செஃபோடாக்சிம் 100-ஐ ஒட்டித் தொடங்கும். எட்டு மணி நேரத்தில் எட்டு முறை பாதியானால் 0.4 மி.கி.தான் மிஞ்சும்.

இதோடு நிறுத்தினால் செஃப்ட்ரியாக்சோன் எங்கோ உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். புரதக் கணக்கையும் சேர்த்தால்தான் உண்மை தெரியும். கிருமியைக் கொல்வது இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டாமல் தனித்துத் திரியும் மருந்து மட்டுமே. செஃப்ட்ரியாக்சோன் அளவு அதிகமாக இருக்கும்போது 85 சதவீதமும், அளவு குறையக் குறைய 95 சதவீதம் வரையிலும் அல்புமினில் ஒட்டிக்கிடக்கும். ஆக 24-ஆம் மணி நேரத்தில் மிஞ்சும் 9-இல் உபயோகப்படுவது 0.45 அளவுதான். செஃபோடாக்சிமில் பாதிக்கு மேல் ஒட்டாமலே இருக்கும், அதன் 0.4-இல் குறைந்தது 0.2 வேலைக்கு உதவும். தவிர, செஃபோடாக்சிம் கல்லீரலில் உடைந்து உருவாகும் டெசஅசிட்டைல் செஃபோடாக்சிம் என்ற பொருளுக்கும் கிருமியைக் கொல்லும் திறன் உண்டு, அது கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கவும் செய்யும். ஒன்றை 24 மணி நேரத்துக்கு ஒரு முறையும் மற்றதை 8 மணி நேரத்துக்கு ஒரு முறையும் கொடுத்தால், அடுத்த ஊசிக்கு முந்தைய நொடியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. எதிர்ப்பில்லாத ஈ. கோலையை நிறுத்த 0.1 மி.கி. அளவே போதும் என்பதால் இந்த இடம் தாராளமானது.

இதே கணக்கு ஒரு எச்சரிக்கையும் தருகிறது. சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸை, அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ. அல்லாததை, நிறுத்த செஃப்ட்ரியாக்சோன் லிட்டருக்கு 2 முதல் 4 மி.கி. தேவைப்படும். ஒட்டாத மருந்தின் அளவு நாளின் பெரும்பகுதியில் அதற்குக் கீழே கிடக்கும். அறிக்கையில் 'கட்டுப்படும்' என்று வந்தாலும், இரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் பரவிய நோயாளியை தினம் ஒரு ஊசி செஃப்ட்ரியாக்சோனில் விட்டுவைப்பது தவறு. செஃபசோலினோ, ஃப்ளுக்ளாக்சசிலின் வகையோதான் அதற்கு உரியவை. வீட்டிலிருந்தபடி தினம் ஒரு ஊசி என்ற வசதி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் இந்தச் சமரசம் வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கணக்கு மறுபடி மாறும். அங்கே கிடப்பவர்களுக்கு அல்புமின் பாதியாகக் குறைந்திருப்பது வழக்கம். ஒட்ட இடமில்லாத செஃப்ட்ரியாக்சோன் தனித்துத் திரியும். முதல் சில மணி நேரம் அது நல்லதுதான், ஆனால் தனித்துத் திரிவது சிறுநீரகத்தில் சீக்கிரம் வடிந்தும் போகும். இளவயது, நல்ல சிறுநீரகம், கடும் தொற்று என்ற மூன்றும் சேர்ந்தவரிடம் 24-ஆம் மணி நேரம் வருமுன்னரே அளவு அடிமட்டத்துக்குப் போய்விடலாம். அப்படிப்பட்டவருக்கு 1 கிராமை ஒரு வேளை கொடுப்பதைவிட 2 கிராமோ, 12 மணி நேரத்துக்கு ஒரு முறையோ கொடுப்பது பாதுகாப்பு.

வெளியேறும் வழிக்கு வருவோம். செஃப்ட்ரியாக்சோனில் மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை சிறுநீரில் போகும், மீதி பித்தநீரில். ஒரு வழி அடைபட்டால் மற்றது சமாளிக்கும். சிறுநீரகம் மட்டும் பழுதாயிருந்தாலும், கல்லீரல் மட்டும் பழுதாயிருந்தாலும் வழக்கமான அளவைக் குறைக்க வேண்டாம். இரண்டும் ஒருசேரப் பழுதானால் நாளுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. டயாலிசிஸ் இதை வெளியே இழுக்காது, ஆகவே டயாலிசிஸ் நாளில் கூடுதல் ஊசியும் வேண்டாம். செஃபோடாக்சிமுக்குச் சிறுநீரகமே முதன்மை வழி. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு 20 மி.லி.க்குக் கீழே போனால் ஒவ்வொரு வேளை அளவையும் பாதியாக்க வேண்டும். டயாலிசிஸ் அதை எடுத்துவிடும் என்பதால் அன்றைய வேளையை டயாலிசிஸ் முடிந்த பிறகு கொடுக்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவருக்குத் திடீரென்று குழப்பம், கைகால் வெட்டி இழுத்தல், வலிப்பு என்று வந்தால் இந்த இரண்டு மருந்தையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். அளவு சரியாக இருந்தாலும் செஃப்ட்ரியாக்சோனால் இப்படி நேர்ந்ததுண்டு. நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும்.

பித்தநீர் வழி இலவசமாகக் கிடைத்ததல்ல. பித்தப்பையில் செஃப்ட்ரியாக்சோன் அடர்ந்து, கால்சியத்தோடு சேர்ந்து படியும். ஸ்கேனில் கல் போலவே தெரியும். அதிக அளவில், பல நாள் மருந்து ஏறிய குழந்தைகளிடம் இது கூடுதல். வலி இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், மருந்து நின்றபின் சில வாரங்களில் தானே கரையும். ஆனால் இது தெரியாமல் 'பித்தப்பைக் கல்' என்று அறுவை மேசை வரை போய்விடும் ஆபத்து உண்டு. ஸ்கேன் எடுப்பவரிடம் மருந்தின் பெயரையும் எத்தனை நாள் ஏறியது என்பதையும் சொல்லிவிடுவது ஒரு வாக்கியச் செலவுதான். செஃபோடாக்சிமில் இந்தத் தொல்லை இல்லை.

தேர்வில் கொஞ்சமும் தயங்கக் கூடாத இடம் பச்சிளங்குழந்தை. அல்புமினில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) உட்கார்ந்திருக்கும் இடத்தை செஃப்ட்ரியாக்சோன் பிடித்துக்கொண்டு பிலிருபினைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட பிலிருபின் மூளைக்குள் புகுந்து நிரந்தரச் சேதம் செய்யும். மஞ்சள் காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்கும், கருக்கால வயதும் பிறந்த பின் கழிந்த வாரங்களும் சேர்ந்து 41 வாரம் நிறையாத குறைமாதக் குழந்தைக்கும் செஃப்ட்ரியாக்சோன் கூடாது. இரண்டாவது காரணம் கால்சியம். பிறந்து 28 நாட்களுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கால்சியம் கலந்த டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தாலும், ஏற்ற வேண்டிவரும் என்று தெரிந்தாலும் கூடாது. வேறு இரத்தக்குழாய், வேறு நேரம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் கால்சியம்–செஃப்ட்ரியாக்சோன் படிகம் இறுகி இறந்த குழந்தைகள் பற்றிய அறிக்கைகள் உள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைக்கு இந்த வகையில் முதல் தேர்வு என்று அதில் குறிக்கப்பட்டிருப்பது செஃபோடாக்சிம். முதல் வாரத்தில் கிலோவுக்கு 50 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதன்பின் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. செஃபோடாக்சிம் கிடைக்காத இடங்களில் செஃப்டாசிடிமோ செஃபிபிமோ அந்த இடத்தை நிரப்புகின்றன.

28 நாள் கடந்தவர்களுக்குக் கால்சிய விதி இளகும், மறையாது. ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.) திரவத்திலும் ஹார்ட்மன் திரவத்திலும் கால்சியம் உண்டு. செஃப்ட்ரியாக்சோனை அவற்றில் கரைக்கவும் கூடாது, அவை ஓடிக்கொண்டிருக்கும் குழாயின் 'ஒய்' முனை வழியாகக் கூடவே ஏற்றவும் கூடாது. ஆர்.எல்.-ஐ நிறுத்தி, நார்மல் சலைனால் குழாயைக் கழுவி, மருந்தை ஏற்றி, மீண்டும் கழுவி, அப்புறம் ஆர்.எல்.-ஐத் திறக்கலாம். நட்டநடு இரவில் அவசரமாக ஓடும் ஆர்.எல். பாட்டிலின் குழாயிலேயே ஊசியை இறக்கும்போதுதான் இந்த விதி மீறப்படுகிறது. வான்கோமைசின், ஃப்ளுகோனசோல், ஜென்டாமைசின், அமிக்காசின் இவற்றோடும் செஃப்ட்ரியாக்சோனை ஒரே பாட்டிலில் கலக்கக் கூடாது. ஜென்டாமைசின் வகையோடு செஃபோடாக்சிமையும் கலக்கக் கூடாது.

கரைப்பதைக் கவனமாகச் சொல்ல வேண்டும், குழந்தைகளின் அளவுப்பிழை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பொடிக்கும் இடம் வேண்டும் அல்லவா. 1 கிராம் செஃப்ட்ரியாக்சோன் குப்பியில் 9.6 மி.லி. ஊசிநீர் சேர்த்தால் மொத்தம் 10 மி.லி. ஆகும், ஒரு மி.லி.க்கு 100 மி.கி. 5 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 50 மி.கி. என்றால் 250 மி.கி., அதாவது 2.5 மி.லி. 1 கிராம் செஃபோடாக்சிமில் 10 மி.லி. சேர்த்தால் 10.4 மி.லி. வந்து, ஒரு மி.லி.யில் 95 மி.கி. இருக்கும். இந்த எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும், ஆகவே கையிலிருக்கும் குப்பியின் தாளே முடிவு. கரைந்த செஃப்ட்ரியாக்சோன் வெளிர்மஞ்சள் முதல் தேன்நிறம் வரை இருப்பது இயல்பு. நிறம் பார்த்து வீசிவிட வேண்டாம். கலங்கலோ துகளோ தெரிந்தால் வீசிவிட வேண்டும்.

தசையில் போடும்போது செஃப்ட்ரியாக்சோன் நன்றாக வலிக்கும். அதனால் 1 சதவீத லிக்னோகெய்னில் கரைப்பார்கள்: 1 கிராமுக்கு 3.6 மி.லி. ஒரே இடத்தில் 1 கிராமுக்கு மேல் போடாமல் பிட்டத்தின் பெரிய தசையில் ஆழமாகப் போட வேண்டும். லிக்னோகெய்னில் கரைத்த அந்தச் சிரிஞ்ச் எக்காரணம் கொண்டும் இரத்தக்குழாய்க்குள் போகக் கூடாது, இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். கரைத்த உடனே சிரிஞ்சில் 'தசைக்கு மட்டும்' என்று ஒட்டுங்கள். இரத்தக்குழாயில் ஏற்றுவதென்றால் செஃப்ட்ரியாக்சோனை அரை மணி நேரச் சொட்டாகவோ, 1 கிராம் வரை 2 முதல் 4 நிமிடத்தில் மெதுவாகவோ ஏற்றலாம். செஃபோடாக்சிமை 3 முதல் 5 நிமிடம் எடுத்துக்கொண்டு ஏற்ற வேண்டும். இதயத்தருகே முடியும் மத்திய இரத்தநாளக் குழாயில் ஒரு நிமிடத்துக்குள் தள்ளியபோது உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் வந்திருக்கின்றன.

மூளைக்காய்ச்சலில் இரண்டும் சமமாக வேலை செய்யும், அளவுதான் பெரிது: செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, செஃபோடாக்சிம் 2 கிராம் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. நோயாளி தேறிவிட்டாரே என்று நடுவில் அளவைக் குறைக்கக் கூடாது. மூளையுறையின் வீக்கம் வடிய வடிய மருந்து உள்ளே நுழைவதும் குறையும். நிமோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு ஆய்வக வரம்பே லிட்டருக்கு 0.5 மி.கி.யாகக் கடுமையாக்கப்பட்டிருக்கிறது, எதிர்ப்பு இருக்கலாம் என்றால் முடிவு வரும்வரை வான்கோமைசின் கூடவே ஓட வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குன்றியவர் என்றால் லிஸ்டீரியாவுக்காக ஆம்பிசிலினும் வேண்டும். இதை மறந்தால் எவ்வளவு செஃப்ட்ரியாக்சோன் ஏற்றியும் பயனில்லை.

இன்னும் இரண்டு நோய்களில் தேர்வு ஒரு பக்கம் சாயும். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்கு அந்த நீரில் தொற்று வந்தால் நெடுங்காலமாக நிலைபெற்ற சிகிச்சை செஃபோடாக்சிம் 2 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை, 5 நாள். கூடவே முதல் நாளும் மூன்றாம் நாளும் அல்புமின். செஃப்ட்ரியாக்சோனையும் பலர் தருகிறார்கள், தவறில்லை. கொனோரியாவில் நிலைமை நேர்மாறு. ஒரே ஊசியில் முடிக்க வேண்டிய நோய் அது, மருந்து ஒரு நாள் முழுக்கத் தங்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 டிசம்பரில் செஃப்ட்ரியாக்சோன் அளவை 250-இலிருந்து 500 மி.கி.யாக உயர்த்தியது, 150 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு 1 கிராம். ஒரு மணி நேரத்தில் பாதியாகும் செஃபோடாக்சிம் இந்த வேலைக்கு ஏற்றதல்ல.

ஒவ்வாமை பற்றி. பக்கச்சங்கிலி ஒன்றே என்றேன் அல்லவா. ஒவ்வாமையை உண்டாக்குவதும் பெரும்பாலும் அந்தச் சங்கிலிதான். செஃப்ட்ரியாக்சோனில் மூச்சுத்திணறி இரத்த அழுத்தம் விழுந்த ஒருவருக்கு செஃபோடாக்சிம் மாற்று ஆகாது, செஃபிபிமும் அதே சங்கிலியைத்தான் சுமக்கிறது. செஃபசோலினின் சங்கிலி முற்றிலும் வேறு. ஊசிக்கு முன் எல்லோருக்கும் தோலில் ஒரு துளி ஏற்றிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை: வீங்கவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது, வீங்கியது என்பதால் ஒவ்வாமை என்றும் உறுதியாகாது. 'முன்பு எந்த மருந்தில், எவ்வளவு நேரத்தில், என்ன ஆயிற்று' என்று பொறுமையாகக் கேட்பது அதைவிடப் பயன்தரும். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெரியவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக் கரைசலில் 0.5 மி.லி., தொடையின் வெளிப்புறத் தசையில். செஃப்ட்ரியாக்சோனுக்கு மட்டும் இன்னொரு அரிய ஆபத்து உண்டு. முன்பு அதைப் பெற்றவர்களிடம், குறிப்பாக அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைகளிடம், அடுத்த ஊசிக்குப் பின் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையலாம். முதுகுவலி, வெளிறல், கறுத்த சிறுநீர் தெரிந்தால் ஊசியை நிறுத்தி உடனே ஹீமோகுளோபின் பாருங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். (உறைய எடுக்கும் நேரத்தின் அளவுகோல்) எகிறும் என்பதால் இடையில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

தொடங்கிய கேள்விக்கு விடை இன்னும் பாக்கி: மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் என்ன செய்வது? டைஃபாய்டாக இருந்தால் சரியான மருந்திலும் ஐந்து நாள், ஏழு நாள் காய்ச்சல் அடிக்கும். அங்கே பொறுமையே சரி. மற்ற இடங்களில் சீழ்க்கட்டி ஏதேனும் வடிக்கப்படாமல் இருக்கிறதா, சிறுநீர்ப்பாதையில் கல் அடைத்திருக்கிறதா, நோயே பாக்டீரியா தொற்றுதானா என்று தேட வேண்டும். பிறகு கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறிக்கை. அதில் இரண்டில் ஒன்றுக்கு எதிர்ப்பு என்றால், மருந்தைச் சிதைக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதிகள், பெரும்பாலும் சி.டி.எக்ஸ்-எம் வகை, இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். 2018-இல் வெளியான மெரினோ ஆய்வு இப்படிப்பட்ட, செஃப்ட்ரியாக்சோனுக்கு மசியாத ஈ. கோலை, கிளெப்சியெல்லா இரத்தத் தொற்றில் மெரோபெனெமையும் பிபெராசிலின்–டாசோபாக்டமையும் ஒப்பிட்டது. 30 நாளில் இறந்தவர்கள் மெரோபெனெமில் 3.7 சதவீதம், மற்றதில் 12.3 சதவீதம். என்டரோபாக்டர் க்ளோவேசே என்ற குடல்வகைக் கிருமி அறிக்கையில் வந்தால், 'கட்டுப்படும்' என்றிருந்தாலும் கடும் தொற்றில் செஃப்ட்ரியாக்சோன், செஃபோடாக்சிம் இரண்டையும் தொடர வேண்டாம். சிகிச்சையின் நடுவிலேயே அந்தக் கிருமி எதிர்ப்பைத் திறந்துகொள்ளும். செஃபிபிம் அங்கே நம்பகமானது.

கல்ச்சரில் எளிய மருந்துக்கே கிருமி கட்டுப்படும் என்று வந்துவிட்டால் அன்றே இறங்கிவிடலாம். இரண்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் 'கண்காணிப்பு' வகுப்பில், அதாவது எதிர்ப்பு வளரும் ஆபத்தால் அளந்து பயன்படுத்த வேண்டிய வகுப்பில், உள்ளவை, இரண்டுக்கும் மாத்திரை வடிவம் கிடையாது. செஃபிக்சிம் மாத்திரையை இவற்றின் தொடர்ச்சி என்று எண்ணிக் கொடுப்பது பழகிப்போன பிழை; அது இரத்தத்தில் எட்டும் அளவு ஊசியின் அருகில்கூட வராது. நிமோகாக்கஸ் நிமோனியா தேறியவருக்கு அமாக்சிசிலின் மாத்திரை, சிறுநீர்த்தொற்று தேறியவருக்கு அறிக்கையில் கட்டுப்படும் என்று வந்த கோ-ட்ரைமாக்சசோல் என்று கிருமியைப் பார்த்து மாற்றி, கையிலிருக்கும் ஊசிக்குழாயை எடுத்துவிட வேண்டும்.